பொங்கலா, பிப்ரவரியா, வாரம் ஒரு கால்மணியா? வீட்டுப் பறவைக் கணக்கெடுப்பில் எதில் சேரலாம்

"எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பேர் பறவை எண்ண ஆசைப்படுகிறோம். எதில் சேர்வது?" மார்கழி பிறந்தால் இந்தக் கேள்வி வரத் தொடங்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்களைக் கேள்விப்பட்டுக் குழம்பியிருப்பார்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் 'கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுண்ட்' இருக்கிறது. வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு தனி. இவை போக, யாரும் அறிவிப்பு வெளியிடாத நான்காவது வழி ஒன்றும் உண்டு: வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ வாரம் ஒருமுறை கால்மணி நேரம் நின்று எண்ணுவது.

எதில் சேர்ந்தாலும் எண்ணப்போவது அதே காக்கை, அதே மைனாதான். வனத்துறைக் கணக்கெடுப்பு நீங்கலாக மற்ற மூன்றும் இ-பேர்ட் என்ற ஒரே தளத்தில் போய்ச் சேர்கின்றன. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-ல் தொடங்கிய, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இணையதளம் அது. கணக்கு தொடங்கவும் செயலிக்கும் காசு கிடையாது. அப்படியானால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. என் கட்சி இதுதான்: ஆர்வத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், முதல் வாரம் அது எல்லோரிடமும் இருக்கும். நான்காவது மாதம் குழுவில் யார் மிச்சமிருப்பார்கள் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நாட்காட்டி. எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைவிட எந்த நாளில் வருகிறது என்பதுதான் குழுக்களைக் கவிழ்க்கிறது. விடுமுறையா, வேலை நாளா, ஆட்கள் ஊரில் இருப்பார்களா, பிள்ளைகளுக்குத் தேர்வு நேரமா என்று பார்க்க வேண்டும்.

பறவை அறிவு. பத்துப் பறவை தெரிந்தால் போதுமா, நூறு தெரிய வேண்டுமா?

தரவின் பயன். நீங்கள் எண்ணியதை வைத்து யார் என்ன செய்ய முடியும்?

ஒருங்கிணைப்பு. வாட்ஸாப் குழுவில் நினைவூட்டுவது, வராதவரைக் கூப்பிடுவது, பட்டியலைச் சரிபார்த்து ஏற்றுவது எல்லாம் கடைசியில் ஒருவர் தலையில்தான் விழும். மறைமுகச் செலவுகளில் பெரியது இது. எந்த அறிவிப்பு நோட்டீஸிலும் இதைப் போடமாட்டார்கள்.

வெளியே தெரியும் தகவல். வீட்டில் இருந்து பட்டியல் போட்டால் வீடு இருக்கும் இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும், கூடவே உங்கள் பெயரும்.

பணத்தை அளவுகோலாக வைக்கவில்லை. 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் சுகம்தான், ஆனால் வாசலுக்கு வரும் மைனாவையும் செம்போத்தையும் எண்ணக் கண்ணே போதும். வனத்துறைக் கணக்கெடுப்பில் மட்டும் பைனாகுலர் இல்லாமல் ஏரிக்கரையில் போய் நிற்பது வீண்.

## எதில் சேர்ந்தாலும் தெரிந்திருக்க வேண்டியது

பட்டியலை முடிக்கும்போது இ-பேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் இதில் பதிந்துவிட்டீர்களா? புதிதாக வருபவர்களில் பலர் அடக்கத்தோடு "இல்லை" என்று அழுத்திவிடுகிறார்கள். "எனக்குத்தான் பாதிப் பறவைக்குப் பேர் தெரியாதே" என்பார்கள். கேள்வி அதுவல்லவே! தெரிந்த பறவையில் எதையாவது வேண்டுமென்று விட்டீர்களா என்பதுதான் கேள்வி. மரத்தில் தாவிய ஒரு கதிர்க்குருவிக்குப் பெயர் தெரியவில்லை, ஆனால் தெரிந்த காக்கை, மைனா, புறா, கிளி எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள் என்றால் அது முழுப் பட்டியல். தாராளமாக "ஆம்" போடலாம். நேர்மாறாக, பறவைகளைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் "காக்கையை எல்லாம் எழுதுவானேன்" என்று விட்டிருந்தால் அவருடையது அரைகுறை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020-லும் 2023-லும் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைகள், ஒரு பறவை பெருகுகிறதா அருகுகிறதா என்பதை, மொத்த முழுப் பட்டியல்களில் எத்தனையில் அது இடம்பெறுகிறது என்ற விகிதத்தை வைத்துத்தான் கணித்தன. 2023 அறிக்கைக்கு அடிப்படை 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்குவோர் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள்; 942 இனங்களை அது அலசியது. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவருகிறது என்று மேடைதோறும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மொத்தமாகப் பார்த்தால் அதன் நிலை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று 2020 அறிக்கை பிரித்துக் காட்டியது. ஒரு தெருவில் சிட்டுக்குருவி இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அங்கே காக்கை எழுதி, புறா எழுதி, மைனா எழுதி, சிட்டுக்குருவி மட்டும் எழுதாத பட்டியல் ஒன்று வேண்டும். அரைகுறைப் பட்டியலில் குருவி இல்லையென்றால், வரவில்லையா, வந்தும் எழுதவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து எண்ணிக்கை. தவிட்டுக்குருவிகள் வேலிக்குள் சளசளத்துக்கொண்டிருக்கும்போது எண்ண முயலாதீர்கள், வராது. பொறுத்திருந்தால் ஒன்று தாழப் பறந்து எதிர்வேலிக்குப் போகும். அதன் பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று என்று வரிசையாகக் கடக்கும். எல்லாம் போய்விட்டன என்று நினைக்கும்போது கடைசி ஒன்று எதையோ எடுக்க மறந்தவன்போலப் பதறிக்கொண்டு வரும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குண்டுக்கரிச்சான் ஆண் ஒன்று கால்மணிக்குள் மூன்று தடவை அதே கம்பியில் வந்து உட்கார்ந்தால், வேறு பறவை என்று நம்பக் காரணம் இல்லாதவரை, அது 1. அந்தி நேரத்தில் அடையப் போகும் கிளிக்கூட்டமா? பத்தை எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு வானத்தை அடைத்தது என்று பாருங்கள், மீதியை மதிப்பிடுங்கள். எண்ணிக்கை போடாமல், பறவை இருந்தது என்று மட்டும் சொல்லும் 'எக்ஸ்' போடவும் வழி இருக்கிறது. ஆனால் நிதானமாகப் போட்ட தோராய எண் அதைவிட எப்போதும் மேல்.

## பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-ல் தொடங்கியது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள், எங்கே வேண்டுமானாலும், ஒரு தடவைக்குக் குறைந்தது 15 நிமிடம், எத்தனை தடவை வேண்டுமானாலும் எண்ணலாம். தேதி ஆண்டுக்கு ஆண்டு ஒருநாள் முன்பின் ஆகும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் பெரிய பலம் ஊர். இ-பேர்ட் வரைபடத்தில் தமிழ்நாட்டைத் திறந்தால் நகரங்கள், பெயர்பெற்ற ஏரிகள், சரணாலயங்கள் எல்லாம் பட்டியல்களால் நிரம்பியிருக்கும். இடையில் கிடக்கும் மானாவாரி நிலமும் வாய்க்கால் கரையும் கண்மாயும் வெறிச்சோடிக் கிடக்கும். பறவைகள் அங்கே இல்லாமல் இல்லை, எண்ண ஆள்தான் இல்லை. பொங்கலுக்குச் சென்னையும் கோவையும் காலியாகி, பறவை தெரிந்த ஆட்கள் அந்த வெற்றிடங்களுக்குள் தாங்களாகவே போய் இறங்குகிறார்கள். ஆண்டு முழுக்க ஒரு பட்டியலும் வராத ஊரில் இருந்து நான்கு பட்டியல் வருவது, பள்ளிக்கரணைக்கு இன்னும் நான்கு சேர்வதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. வலசைப் பறவைகளும் அப்போது இங்கேதான் இருக்கும். வாலாட்டிகள், பழுப்புக் கீச்சான், தகைவிலான்கள், சில ஊர்களில் கூட்டம் கூட்டமாகச் சூறைக்குருவி. கைபேசியில் சிக்னல் கிடைக்காத ஊராக இருந்தாலும் கவலையில்லை. செயலி இணையம் இல்லாமலே பட்டியலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், திரும்பி வந்து ஏற்றலாம்.

இனிச் செலவுக் கணக்கு. பண்டிகைக் காலையில் எண்ணப் போவது என்றால் வீட்டு வேலை இன்னொருவர் தலையில் ஏறுகிறது என்று பொருள். கோலம் போட இருட்டிலேயே எழுந்து, முதல் குண்டுக்கரிச்சான் குரலைக் கேட்பவர் ஒருவர். ஏழரைக்கு எழுந்து கைபேசியோடு வாசலில் நின்று "கணக்கெடுப்பாளர்" என்று பெயர் வாங்குபவர் வேறொருவர். ஜனவரியில் ஆறரை மணியை ஒட்டித்தான் நன்றாக வெளுக்கும். கோலம் முடிந்த கையோடு அவரே கால்மணி நின்று எண்ணட்டும், அடுப்படியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சரியான பட்டியல் அப்படித்தான் கிடைக்கும்.

நகரத்திலேயே இருப்பவர்களுக்கு இந்த நான்கு நாள் சுமார்தான். போகிக் காலையில் சென்னையின் பல தெருக்களில் புகைமூட்டத்தில் எதிர்வீட்டு மரமே சரியாகத் தெரியாது. கணக்கெடுப்பு அன்றே தொடங்கும் ஆண்டாக இருந்தால் அந்த நாளைக் கழித்துவிடுங்கள். காணும் பொங்கலன்று கடற்கரையிலும் பூங்காவிலும் பறவையைவிட மனிதர்களை எண்ணுவது எளிது. பொங்கலுக்கு மறுநாள், காக்கைக்குச் சோற்று உருண்டை வைக்கும் கணுப்பிடி நடக்கும் வீட்டு மாடியில் காக்கை எண்ணிக்கை எகிறும். எழுதலாமா என்றால், எழுத வேண்டும், வந்த பறவை வந்ததுதான். குறிப்புப் பகுதியில் "கணுப்பிடி வைத்திருந்தோம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பின்னால் பார்ப்பவருக்குக் காரணம் புரியும்.

ஆக, தனி ஆளுக்கும் குடும்பத்துக்கும் இது அருமையான வாய்ப்பு, அடுக்குமாடிச் சங்கத்துக்கு மோசமான வாய்ப்பு. சங்கத்தில் பாதிப் பேர் அன்று ஊரிலேயே இருக்கமாட்டார்கள். இதைக் கவனிக்காமல் ஜனவரியில் குழு தொடங்கிவிட்டு "யாருமே வரவில்லை" என்று புலம்புவதில் பயன் இல்லை.

## பிப்ரவரியின் நான்கு நாள்

1998-ல் வட அமெரிக்காவில் கொல்லைப்புறப் பறவைகளை எண்ணத் தொடங்கிய கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுண்ட் திட்டம், 2013-ல் இ-பேர்டோடு இணைந்து உலகம் முழுமைக்குமானது. இந்தியாவும் அந்த ஆண்டு முதலே இதில் இருக்கிறது. பெயரில்தான் கொல்லைப்புறம், மற்றபடி எங்கே வேண்டுமானாலும் எண்ணலாம். பிப்ரவரி நடுவில் வெள்ளி முதல் திங்கள் வரை, இதற்கும் அதே 15 நிமிட விதி. இந்தியாவில் இதே நாட்களில் கல்லூரிகளும் பள்ளிகளும் தங்கள் வளாகத்துக்குள் எண்ணும் 'கேம்பஸ் பேர்ட் கவுண்ட்' நடக்கிறது.

குழுவாகச் சேர்ந்து செய்ய இதுதான் தோதான காலம். எல்லோரும் அவரவர் வீட்டில் இருப்பார்கள், சனி ஞாயிறு நடுவில் வருகிறது, பனி குறைந்து காலை தெளிவாக இருக்கும், வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. பதிவுகள் ஏற ஏற மாவட்டவாரியாகப் பார்க்கலாம் என்பது பிள்ளைகளுக்கும், ஏன், பெரியவர்களுக்கும் ஒரு கிளுகிளுப்பு.

அந்தக் கிளுகிளுப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. "நம் வளாகத்தில் எத்தனை இனம்?" என்ற போட்டி தொடங்கியதும் மெர்லின் செயலியைக் குரல் கேட்க வைத்துவிட்டு, அது காட்டும் பெயர்களை எல்லாம் பட்டியலில் இறக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. மெர்லின் கெட்டிக்காரச் செயலிதான். ஆனால் அது தருவது துப்பு மட்டும், தீர்ப்பு நீங்கள் சொல்ல வேண்டும். இரட்டைவால் கரிச்சான் வைரியைப் போலக் குரல் கொடுத்து மைனாக்களையே விரட்டும். செயலி ஏமாறாது என்று என்ன உத்தரவாதம்? பெயர் காட்டினால், பறவையைக் கண்ணால் தேடுங்கள். பார்க்காமலே எழுதுவதானால் அந்தக் குரலை நீங்களே முன்பு அறிந்திருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால் அந்தப் பகுதியைச் சரிபார்க்கும் தன்னார்வலர் மின்னஞ்சலில் விவரம் கேட்பார். அது குற்றச்சாட்டு இல்லை. படம் இருந்தால் அனுப்புங்கள், சந்தேகமாக இருந்தால் நீக்கிவிடுங்கள்.

பள்ளிகளுக்கு இன்னொரு இடைஞ்சல், பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுகள் பிப்ரவரியை ஒட்டி வரும். ஆறு முதல் ஒன்பது வரை உள்ள வகுப்புகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாற்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் அழைத்துப் போனால் காக்கைகூட மரத்தில் நிற்காது. ஐந்தைந்து பேராகப் பிரித்து, வளாகத்தின் வெவ்வேறு மூலைகளில் நிறுத்துங்கள். பறவை தெரிந்த ஒருவர், கைக்கடிகாரம் பார்க்கும் ஒருவர், எழுதும் ஒருவர், மற்றவர்கள் கண். ஒரே அணியில் நின்ற ஐந்து பேரும் தனித்தனிப் பட்டியல் போடக் கூடாது. ஒருவர் போட்டு மற்றவர்களோடு பகிர்ந்தால் போதும், இல்லாவிட்டால் நான்கு மைனா இருபது மைனாவாகிவிடும். சிறு பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கே தேவையில்லை, ஆசிரியரின் பட்டியலில் "பார்வையாளர் எண்ணிக்கை" என்ற இடத்தில் அவர்களைச் சேர்த்துவிடலாம்.

## வனத்துறைக் கணக்கெடுப்பு

இது வீட்டு முற்றத்து வேலை இல்லை என்றாலும், கேட்பவர்கள் எல்லோரும் இதையும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வலசைப் பருவத்தில் நீர்ப்பறவைகளுக்கு ஒரு கட்டம், நிலப்பறவைகளுக்கு ஒரு கட்டம் என்று வார இறுதிகளில் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். முன்பதிவு செய்ய வேண்டும். எந்த ஏரி, எந்தக் காட்டுப்பகுதி என்பதைப் பெரும்பாலும் அவர்கள்தான் சொல்வார்கள். வனப் பணியாளர்களும் அனுபவமுள்ள பறவை நோக்குவோரும் கூட வருவார்கள்.

புதியவருக்கு இதில் கிடைப்பது பள்ளிக்கூடம். எண்ணத் தெரியாவிட்டாலும் குறிப்பெடுப்பவராகப் போகலாம். தேர்ந்தவர் ஒருவர் "நாமக்கோழி நூற்று இருபது, தாழைக்கோழி நான்கு" என்று சொல்லச் சொல்ல எழுதினாலே பாதிப் பாடம் வந்துவிடும். விடியலுக்கு முன் கிளம்ப வேண்டும், போக்குவரத்துச் செலவு பல இடங்களில் உங்களுடையது, எழுதிய படிவம் துறையிடம் போய்விடும். அன்று பார்த்ததை நீங்களும் வைத்துக்கொள்ள ஆசை என்றால், குழுத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு இ-பேர்டிலும் ஒரு பட்டியல் போடுங்கள். நீர்ப்பறவை மேல்தான் மோகம் என்றால், 1987 முதல் ஜனவரியில் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பையும் விசாரிக்கலாம்.

## வாரம் ஒரு கால்மணி

ஒரே இடம், ஏறக்குறைய ஒரே நேரம், கால்மணி. ஆண்டுக்கு 52 பட்டியல், மொத்தம் 13 மணி நேரம். நான்கு நாள் கணக்கெடுப்பில் உற்சாகமாகக் காலையும் மாலையும் அலைகிறவர் செலவிடும் நேரமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஆனால் கிடைப்பது வேறு.

ஜனவரிக் கணக்கு வாலாட்டி இருக்கிறது என்று சொல்லும். எந்த வாரம் வந்தது, எந்த வாரம் கிளம்பியது என்று சொல்லாது. தோட்டக்கள்ளன் அக்டோபர், நவம்பரில் தெற்கு நோக்கிப் போகிற வழியில் கொல்லையில் ஒருநாள் இறங்கிச் சருகைக் கிளறிவிட்டுப் போய்விடும். பொங்கலுக்கும் பிப்ரவரிக்கும் மட்டும் எண்ணுபவர் பட்டியலில் அது சிக்குவது அரிது. வெயில் ஏற ஏறக் குயில் கூவல் கூடுவதும், காக்கைக் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சு காக்கையிடமே வாய் திறந்து கெஞ்சுவதும், மைனாக் குஞ்சுகள் மங்கிய தலையோடு பெற்றோர் பின்னால் ஓடுவதும் நான்கு நாள் கணக்குக்கு அகப்படாதவை. பக்கத்து மனையில் வேப்பமரத்தை வெட்டிக் கட்டடம் எழுப்பினால், வெட்டியதற்கு முந்தைய பட்டியல்கள் உங்களிடம் இருக்கும். இன்னொரு ஆதாயமும் உண்டு. மே மாத வெயிலில் பறவை பார்க்க யாரும் கிளம்புவதில்லை, அதனால் கோடைப் பட்டியல்கள் எங்கும் குறைவு. நீங்கள் மாடிக்கு ஏறினாலே போதும்.

மே மாதத்துப் பட்டியல் ஒன்று இப்படித்தான் இருக்கும்:

> ஞாயிறு, காலை 6.15 – 6.30, மொட்டை மாடி, நின்ற இடத்தில்.
> மாடப்புறா 14, வீட்டுக் காகம் 11, மைனா 5, குயில் 2 (ஒன்று குரல் மட்டும்), பச்சைக்கிளி 3, செம்புழைச் சின்னான் 2, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு 1, தையல்சிட்டு 1 (குரல்).
> எல்லாப் பறவைகளும் பதியப்பட்டனவா: ஆம்.

அடுத்த வாரமும் ஏறக்குறைய இதே. அதற்கடுத்த வாரமும். இந்த வழியின் விலை சலிப்புதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. சலிப்பு வந்தவர் உடனே நிறுத்துவதில்லை. "புதிதாக ஏதாவது வந்தால் போடலாம்" என்று மாறிக்கொள்கிறார், அது நிறுத்துவதைவிடக் கெடுதல். விசேஷமான நாளை மட்டும் எழுதினால், உங்கள் மாடிக்கு வாரந்தோறும் மாங்குயில் வருவதுபோல ஒரு பொய்ச்சித்திரம் உருவாகும். மாங்குயில் வராத ஞாயிறும் பட்டியலில் இருந்தால்தான் வந்த ஞாயிற்றுக்கு மதிப்பு. மழை பெய்து எட்டு நிமிடத்தில் இறங்கிவிட்டீர்களா, எட்டு நிமிடம் என்றே போடுங்கள். வெளியூர் போய் இரண்டு வாரம் விட்டுப்போனால் போகட்டும், பட்டியல் இல்லாத வாரம் எதையும் கெடுப்பதில்லை.

குழுவாக இதைச் செய்ய நினைப்பவர்கள் முறை வைத்துக்கொண்டு ஒரே மாடியில் மாறி மாறி நிற்பதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருவருக்கு எட்டுப் பறவை தெரியும், இன்னொருவருக்கு முப்பது. பட்டியல் ஏறி இறங்கினால் பறவை மாறியதா ஆள் மாறியதா என்று பிரிக்க முடியாது. ஆளுக்கொரு இடம், அவரவர் மாடி அல்லது பால்கனி என்று வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது நீடிக்கும். தண்ணீர்த் தட்டு வைக்கிறீர்கள் என்றால் ஆண்டு முழுக்க வையுங்கள். எண்ணும் நாளுக்கு மட்டும் வைத்தால் நீங்கள் எண்ணுவது தட்டைத்தான்.

தகவல் வெளியே தெரிவதும் இதில்தான் அதிகம். வாரந்தோறும் ஞாயிறு காலை இன்னார் இந்த மாடியில் என்று பொதுவெளியில் பதிவாகிறது. தயக்கம் இருந்தால் வரைபடப் புள்ளியை வீட்டின் மேல் வைக்காமல் தெருமுனையில் வையுங்கள். ஒருமுறை வைத்ததை மாற்றாமல் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். பொதுவில் பெயர் காட்ட வேண்டாம் என்று கணக்கு அமைப்பிலேயே தேர்ந்தெடுக்கவும் முடியும்.

## ஒரே பார்வையில்

| | பொங்கல் | பிப்ரவரி | வனத்துறை | வாரம் ஒரு கால்மணி |
|---|---|---|---|---|
| எப்போது | பொங்கலை ஒட்டி 4 நாள் | பிப்ரவரி நடுவில் 4 நாள், வெள்ளி–திங்கள் | வலசைப் பருவ வார இறுதிகள் | ஆண்டு முழுக்க |
| எங்கே | எங்கும்; சொந்த ஊர் சிறப்பு | எங்கும்; வளாகம் சிறப்பு | ஒதுக்கும் இடம் | ஒரே இடம் |
| பறவை அறிவு | பத்துப் பறவை போதும் | பத்துப் பறவை போதும் | குழுவில் ஒருவருக்காவது நன்றாகத் தெரிய வேண்டும் | பத்தில் தொடங்கலாம், தானாக வளரும் |
| தரவின் பலம் | பட்டியலே இல்லாத ஊர்கள் | பெரும் எண்ணிக்கை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீடு | ஒரே நேரத்தில் நீர்நிலைகள், காடுகள் | வருகை, புறப்பாடு, கோடைக்காலம் |
| மறைமுகச் செலவு | பண்டிகை வேலை, ஆட்கள் சிதறுவது | ஒருங்கிணைப்பாளரின் நேரம், எண்ணிக்கைப் போட்டி | பயணம், விடியல், பைனாகுலர் | சலிப்பு, இருப்பிடம் வெளியே தெரிவது |
| யாருக்கு ஆகாது | ஊர் போகும் அடுக்குமாடிச் சங்கம் | ஒருங்கிணைக்க ஆளில்லாத குழு | வீட்டை விட்டு நகர முடியாதவர் | புதுமை தேடுபவர் |

## உங்கள் நிலைமைக்கு எது

அடுக்குமாடிக் குடியிருப்போ தெருச் சங்கமோ என்றால் பிப்ரவரியில் தொடங்குங்கள். நான்கு நாளும் வேண்டாம். சனி, ஞாயிறு காலை மட்டும் போதும். முடிந்த பிறகு மார்ச்சில் யாரையும் கூப்பிடாமல் கவனியுங்கள். தானாக மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் தென்படுவார்கள். வாரக் கணக்கை அவர்களோடு மட்டும் ஆரம்பியுங்கள். பத்துப் பேரையும் வாரக் கணக்கில் இழுத்துப் போட்டால், பத்துப் பேருக்கும் நினைவூட்டுவதே உங்கள் ஞாயிற்றுக்கிழமையாகிவிடும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் பொங்கல் கணக்கை விடக் கூடாது என்பேன், அதுவும் பேருந்து நிலையத்தில் இருந்து எட்டியிருக்கிற ஊராக இருந்தால். ஒரு நாளைக்கு ஒரு கால்மணி, வீட்டு வாசல் ஒன்று, வயல் ஓரம் ஒன்று. நடந்துகொண்டே எண்ணினால் அதை "பயணம்" என்று குறித்து, தூரத்தையும் போட வேண்டும். தூரம் குறைவாக இருப்பது நல்லது, ஊர் எல்லை தாண்டிப் பக்கத்து ஏரிவரை ஒரே பட்டியலாக இழுக்காதீர்கள்.

பள்ளி ஆசிரியர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிப்ரவரிதான். ஜூனில் புது வகுப்பு தொடங்கியதும் வளாகத்தில் மாதம் ஒரு கால்மணி எண்ணிப் பழக்கிவிட்டால், பிப்ரவரியில் பிள்ளைகளுக்குப் பறவை தெரிந்திருக்கும், போட்டிக்காகப் பெயர் சேர்க்கும் ஆசையும் குறைந்திருக்கும்.

பணி ஓய்வு பெற்றவர், வெளியே அதிகம் நகர முடியாதவர், கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர் ஆகியோருக்கு வாரக் கணக்கைப்போலப் பொருந்துவது வேறில்லை. "வீட்டில் இருந்தபடி நான் என்ன பெரிதாகச் செய்துவிடப்போகிறேன்" என்று இவர்கள்தான் அதிகம் தயங்குகிறார்கள். ஒரே இடத்தில் நிற்க முடிவதுதான் இந்த வேலைக்கு வேண்டிய தகுதியே.

பொங்கலையும் பிப்ரவரியையும் இரண்டையும் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம், ஒரே செயலி, ஒரே விதி, ஒரு மாத இடைவெளி. வாரக் கணக்கு வைத்திருப்பவர் அந்த நாட்களிலும் தன் வழக்கமான மாடியில் எண்ணினால் அந்தப் பட்டியல் இரண்டிலும் சேர்ந்துகொள்ளும், தனியாக எங்கும் பதிய வேண்டியதில்லை. ஒருங்கிணைப்பாளர் ஒரே ஆள் என்றால் மட்டும் இரண்டையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே ஆளுக்கொரு இ-பேர்ட் கணக்கு தொடங்கிவிடுங்கள். எல்லாப் பட்டியலும் ஒருங்கிணைப்பாளர் பெயரிலேயே ஏறிக்கொண்டிருக்கும் குழுக்களை நிறையப் பார்க்கிறேன். அவர் வேலை மாறி வேறு ஊர் போகும்போது, இத்தனை நாள் எண்ணியதில் மற்றவர்கள் கையில் ஒரு பட்டியல்கூட இருக்காது. பகிர்ந்துகொள்ள ஒரு நிமிடம் ஆகும். எண்ணி முடித்து மாடியில் இருந்து இறங்குவதற்கு முன்பே செய்துவிடலாம்.